ஸ்டீயரிங்கை யார் சோதிப்பது?

2014 ஜனவரியில் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. மாருதி 800-இன் தயாரிப்பு நின்றது. டாடா நானோவின் புதிய வடிவமான நானோ ட்விஸ்ட், மின்சார பவர் ஸ்டீயரிங்கோடு கடைக்கு வந்தது. 1983 டிசம்பரில் டெல்லியில் முதல் சாவி கைமாறிய நாள் தொட்டு, பவர் ஸ்டீயரிங் இல்லாமலேயே ஒரு தலைமுறைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டி மாருதி 800. நானோவுக்கோ பவர் ஸ்டீயரிங் இன்னும் குறைவாகவே தேவை என்றுதான் தோன்றியது. 2008 ஜனவரியில் பிரகதி மைதானத்தில் ரத்தன் டாடா அதை அறிமுகப்படுத்தியபோது எல்லோரும் விலையைப் பற்றியே பேசினார்கள். அதன் உடலமைப்பைப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கும்: எஞ்சின் பின்பக்கம், முன் சக்கரங்களின் மேல் பாரம் சொற்பம், முன் டயரின் அகலம் வெறும் 135 மில்லிமீட்டர். எடை குறைந்தால் ஸ்டீயரிங் தானே இலகுவாகிவிடும் என்ற வாதத்துக்கு இதைவிடச் சாதகமான வண்டி கிடைக்காது. அப்படியும் ஆறே ஆண்டில் அதற்கு ஒரு மோட்டாரைச் சேர்க்க வேண்டிவந்தது. ஏற்கெனவே கைக்கு அடங்கிய வண்டிக்கே டெல்லி போன்ற நகரத்தில் இந்த உதவி வேண்டியிருக்கிறது என்றால், அகல டயர், சிறிய ஸ்டீயரிங் வளையம், தரையோடு ஒட்டிய உடல் என்று சொந்தமாகக் கோத்துக் கட்டிய ஸ்போர்ட்ஸ் காருக்கு அது வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரக்கூடாது.

கேள்வி வேண்டுமா வேண்டாமா என்பதே அல்ல. எப்படிப் பொருத்துவது என்பதும் பெரிய புதிராக இல்லை. அதற்கான சாமான்கள் டெல்லியைச் சுற்றியே தயாராகின்றன, டெல்லிக்குள்ளேயே பழையதாகவும் கிடைக்கின்றன. பொருத்திய பிறகு, அது சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட இங்கே ஆளில்லை. குறை அங்கேதான் இருக்கிறது. கேட்பதற்குச் சின்ன அலுவலகச் சிக்கல் போலத் தெரியும். ஆனால் ஸ்டீயரிங் என்பது பாட்டுப்பெட்டியோ அலங்கார விளக்கோ அல்ல. பிரேக்கைப் போல, கெட்டால் வண்டியில் இருப்பவரோடு நிற்காமல் எதிரே வருபவரையும் சேர்த்துக்கொள்ளும் உறுப்பு.

இப்படிச் சொந்தமாகக் கோத்துக் கட்டும் கிட் கார் என்ற வகையே ஒரு வரிக் கணக்கிலிருந்து வளர்ந்தது. பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, உதிரிகளாக வாங்கி வீட்டில் கோத்துக்கொண்டால் இல்லை என்ற நிலை 1973 வரை இருந்தது. 1957-இல் வந்த லோட்டஸ் செவன் அந்த இடைவெளியில்தான் செழித்தது; வரி முறை மாறிய அதே ஆண்டில் அதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. இந்தியாவில் அப்படி ஒரு சலுகை இருந்ததில்லை, ஆகவே அப்படி ஒரு தொழிலும் வளரவில்லை. ஆனால் ஆசைக்குக் குறைவில்லை. கோயம்புத்தூரில் கரிவர்தன் என்பவர் மாருதி 800-இன் எஞ்சினை வைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகள்தான் ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்று, நாராயண் கார்த்திகேயன் உட்பட ஒரு வரிசை ஓட்டுநர்களைத் தந்தன. கோவாவில் சான் ஸ்டார்ம், அலிபாக் பக்கம் சிங்காரா ரோட்ஸ்டர் என்று ஃபைபர் உடல் கொண்ட இரண்டு இருக்கைக் கார்கள் சிறு எண்ணிக்கையில் வந்தன. டெல்லிக்காரர்களுக்கு மிக நெருக்கமான உதாரணம் இவை எதுவுமில்லை. ஹரியானா, பஞ்சாப் எல்லையில் இருக்கும் மண்டி டப்வாலியின் பட்டறைகளில் பழைய சட்டத்தின் மேல் புதிதாகக் கட்டப்படும் திறந்த ஜீப்புகள் அவை. விற்பனை விளம்பரத்தில் முதல் வரியிலேயே பவர் ஸ்டீயரிங் உண்டு என்று போட்டிருக்கும். இந்தியாவின் உண்மையான கிட் கார் தொழில் அதுதான் என்று நினைக்கிறேன், பெயர்தான் வேறு. இன்னொரு பக்கம், டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஐ.ஐ.டி.யிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு பந்தயக் காரைத் தரையிலிருந்து கட்டி எழுப்புகிறார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டீயரிங் ஏன் கனக்கிறது என்று முதலில் பார்ப்போம், ஏனென்றால் மோட்டார் வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் தாங்களே உண்டாக்கிய கனத்தைத்தான் சுமக்கிறார்கள். நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பும்போது டயர் உருள்வதில்லை. தரையைத் தேய்த்துக்கொண்டு சுழல்கிறது. அந்தத் தேய்ப்பை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: சக்கரத்தின் மேல் இறங்கும் பாரம், டயரின் அகலம், திருப்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம். பொறியாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பழைய சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 155 மில்லிமீட்டர் அகல டயர், 50 மில்லிமீட்டர் தூரம் உள்ள ஒரு முன் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அதைக் கழற்றிவிட்டு அழகுக்காக 205 டயரும், சக்கரத்தை வெளியே தள்ளும் 25 மில்லிமீட்டர் ஸ்பேஸரும் போட்டால், சக்கரத்தின் மேல் பாரம் ஏறாமலேயே திருப்பத் தேவைப்படும் விசை ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடுகிறது. அதன் மேல், பந்தய வண்டி போலத் தெரியட்டும் என்று 380 மில்லிமீட்டர் வளையத்தைக் கழற்றி 320 மில்லிமீட்டர் வளையத்தை மாட்டினால், கை தர வேண்டிய விசை இன்னும் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். இரண்டையும் பெருக்கினால் முதலில் இருந்ததைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. காற்றழுத்தம் குறைந்த டயர், தேய்ந்த பால் ஜாயின்ட், இறுகிப்போன ராக் (வளையத்தின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சட்டம்) இவற்றையெல்லாம் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஆகவே நல்ல மெக்கானிக் பவர் ஸ்டீயரிங் கேட்டு வருபவரை முதலில் வீல் அலைன்மென்ட் மேடைக்கு அனுப்புவார். கெட்ட மெக்கானிக் மோட்டாரை வைத்து அந்தக் கோளாறுகளை மூடிவிடுவார்; அவை உள்ளேயே இருந்து வளரும்.

அப்படியானால் சக்கரக் கோணங்களைச் சரிசெய்தாலே போதுமே, மோட்டார் எதற்கு என்று கேட்கலாம். ஓரளவுக்குப் போதும். ஆனால் இங்கே ஒரு பேரம் இருக்கிறது. நேர்சாலையில் வேகமாகப் போகும்போது வண்டி தானாக நேராக நிற்க வேண்டுமென்றால் காஸ்டர் கோணம், அதாவது திருப்பும் அச்சு பின்பக்கமாகச் சாயும் அளவு, தாராளமாக இருக்க வேண்டும். காஸ்டர் கூடக்கூடத் திருப்பும் கை கனக்கும். வளைவில் சட்டென்று திரும்ப வேண்டுமென்றால் ராக்கின் விகிதம் குறுகலாக இருக்க வேண்டும், அதுவும் கனக்கும். பவர் இல்லாத காரைக் கட்டுபவர் இந்த இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். மாருதி 800-இன் பொறியாளர்கள் விட்டுக்கொடுத்தார்கள், அந்த வண்டிக்கு அது பொருந்தியது. ஸ்போர்ட்ஸ் காரில் விட்டுக்கொடுத்தால் எதற்காக அதைக் கட்டினோமோ அதையே இழக்கிறோம். மோட்டார் வந்தால் இந்தப் பேரத்திலிருந்து விடுதலை கிடைக்கிறது: தாராளமான காஸ்டரும் விரைவான ராக்கும் வைத்துக்கொண்டு, வண்டி நிறுத்தும்போது மட்டும் உதவி வாங்கிக்கொள்ளலாம்.

தூய்மைவாதிகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஸ்டீயரிங்கின் கனம் ஒரு செய்தி, சாலையின் சொரசொரப்பும் டயரின் பிடிப்பும் அதன் வழியாகத்தான் கைக்கு வருகின்றன, நடுவில் மோட்டார் புகுந்தால் செய்தி மங்கிவிடும் என்பது அவர்கள் வாதம். லோட்டஸ் எலிஸ், ஆல்ஃபா ரோமியோ 4சி போன்ற கார்கள் இந்த நம்பிக்கையில் பவர் ஸ்டீயரிங் இல்லாமலேயே விற்கப்பட்டன. வாதத்தில் சத்து இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தங்களுக்குச் சாதகமான வேகத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். செய்தி வருவது 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல். கை வலிப்பது 5 கிலோமீட்டர் வேகத்தில். டெல்லியில் லஜ்பத் நகர் சந்துகளிலும் கரோல்பாக் நெரிசலிலும் ஒரு கார் எந்த வேகத்தில் வாழ்கிறது என்பது அனைவருக்கும் தெரியும். மின்சார பவர் ஸ்டீயரிங்குக்கு வேகத்தைக் கேட்டு உதவியைக் குறைத்துக்கொள்ளத் தெரியும், ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பந்தய உலகத்தையே சாட்சிக்கு அழைத்தாலும் தூய்மைவாதம் நிற்பதில்லை. ஃபார்முலா 1 வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் உண்டு. மின்னணுக் கட்டுப்பாடு கூடாது, ஹைட்ராலிக் மட்டுமே என்று விதி. அதற்கு ஒரு படி கீழே இருக்கும் ஃபார்முலா 2-இல் கிடையாது. அந்தக் கனமான ஸ்டீயரிங் தங்களைத் திறமையால் அல்லாமல் தோள் பலத்தால் வடிகட்டுகிறது என்று பெண் ஓட்டுநர்கள் தரப்பிலிருந்து வெளிப்படையாகவே குரல் எழுந்திருக்கிறது. கனம் என்பது கலையின் அடையாளம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கனத்தைத் தூக்க முடிந்தவர்கள்தான்.

பவர் ஸ்டீயரிங்கின் வரலாறு நீளமானது. 1926-இலேயே அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் பியர்ஸ் ஆரோ காரில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பை ஓட்டிக் காட்டினார். கால் நூற்றாண்டு காத்திருந்து 1951-இல்தான் கிரைஸ்லர் இம்பீரியல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த வகையில் எஞ்சினோடு பெல்ட் போட்டுக் கட்டிய பம்ப் ஒன்று, நேரே போனாலும் திரும்பினாலும் ஓயாமல் எண்ணெயைச் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டாவது வகைக்கு எண்ணெயே வேண்டாம். ஸ்டீயரிங் தண்டில் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று. கை திருப்பும்போது அது எவ்வளவு முறுகுகிறது என்று அளக்கும் உணர்கருவி. அந்த அளவையும் வண்டியின் வேகத்தையும் பார்த்து மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கட்டுப்பாட்டுப் பெட்டி. அவ்வளவுதான். இதை முதலில் சுமந்த கார் 1988-இல் ஜப்பானில் வந்த சுசூகி செர்வோ என்ற குட்டி வண்டி. அமைப்பைச் செய்தது கோயோ நிறுவனம். இந்தப் பெயர் டெல்லிக்கு அந்நியமல்ல. மாருதிக்கு ஸ்டீயரிங் செய்வதற்காக 1980-களில் தொடங்கிக் குருகிராமில் வேர்விட்ட சோனா நிறுவனம் அதே கோயோவோடு கைகோத்து நெடுங்காலம் சோனா கோயோ என்றே அழைக்கப்பட்டது. இன்று அது ஜேடெக்ட் இந்தியா. தெற்கே சென்னையின் ராணே குழுமம் இதே தொழிலில் இருக்கிறது. சின்ன வண்டிக்கென்றே பிறந்த தொழில்நுட்பம், அதுவும் நம் ஊரிலேயே தயாராவது, சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருந்தாமல் போகுமா?

பொருந்துகிறது. பிரிட்டனின் கிட் கார்க்காரர்கள் வாக்ஸால் கோர்சாவின் ஸ்டீயரிங் தண்டை மோட்டாரோடு அப்படியே கழற்றித் தங்கள் வண்டியில் மாட்டிப் பல காலம் ஆகிறது. நம் ஊரில் அந்த இடத்தை வேகன் ஆர், ஆல்டோ, ஐ10 போன்றவற்றின் தண்டுகள் நிரப்பும். டெல்லியில் புதிய ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டுமென்றால் காஷ்மீரி கேட்; மேலே பூசும் அலங்காரங்களுக்குக் கரோல்பாக்; கழற்றிய பழைய சாமானுக்கு மாயாபுரி. சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ அப்படி. மாயாபுரியின் பெயரைச் சொன்னதும் 2010 ஏப்ரல் நினைவுக்கு வராமல் இருக்காது: டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் கழித்துவிட்ட பழைய ஆய்வகக் கருவி ஒன்று அங்கே உடைக்கப்பட, உள்ளிருந்த கோபால்ட்-60 கதிரியக்கத்தால் ஒரு தொழிலாளி இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். ஸ்டீயரிங் தண்டில் கதிரியக்கம் இருக்கப் போவதில்லை. ஆனால் காயலான் கடைக்கு வரும் பொருள் எங்கிருந்து வந்தது, ஏன் கழற்றப்பட்டது என்று அந்தச் சந்தையில் எந்தச் சீட்டும் சொல்லாது. விபத்தில் நசுங்கிய காரிலிருந்து வந்த தண்டு, மோதலின்போது மடிந்து ஓட்டுநரின் நெஞ்சைக் காக்க வேண்டிய தன் வேலையை ஏற்கெனவே ஒருமுறை செய்து முடித்திருக்கலாம்.

பொருத்தும்போது நேரும் பிழைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. வேறு காரின் தண்டை நம் வண்டியின் ராக்கோடு இணைக்க நீளம் போதாது. வெட்டி வெல்டிங் செய்வது டெல்லிப் பட்டறைகளில் பத்து நிமிட வேலை. வெல்டிங்கின் வெளித்தோற்றம் வழுவழுப்பாக இருக்கலாம், உள்ளே பற்று இல்லாமல் இருக்கலாம், தெரியாது. பிறகு கோணம். தண்டு வளைந்து போகும் இடத்தில் வைக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் ஒன்று மட்டும் 30 டிகிரி மடங்கியிருந்தால், கை சீராகச் சுழற்றினாலும் மறுமுனை 13 சதவீதம் தாமதித்தும் 15 சதவீதம் முந்தியும் மாறிமாறிச் சுழலும். இரண்டு ஜாயின்ட்டுகளைச் சமக் கோணத்தில், சரியான முறையில் எதிரெதிரே வைத்தால்தான் அது நேராகும். மின்சாரம் அடுத்தது. முழுத் திருப்பத்தில் மோட்டார் கணநேரம் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பழைய காரின் ஆல்டர்னேட்டர் முழுவதுமாகத் தருவதே அந்த அளவுக்குத்தான் இருக்கும். மெல்லிய வயர் போட்டால் ஒருநாள் உருகும். வேகத் தகவல் வராவிட்டால் சில பெட்டிகள் எல்லா வேகத்திலும் ஒரே உதவியைத் தரும், நெடுஞ்சாலையில் வளையம் பஞ்சு போலாகும். இவற்றையெல்லாம் விட மோசமானது முறுக்கு உணர்கருவி தவறாகச் சீர்செய்யப்படுவது: கை எதுவும் செய்யாதபோதும் யாரோ ஒரு பக்கம் திருப்புவதாக அது பெட்டியிடம் சொல்லும், மோட்டார் கீழ்ப்படியும். பட்டறை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துச் சாவியைக் கொடுக்கும் வழக்கத்தில் இவற்றில் ஒன்றுகூடப் பிடிபடாது.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இறுக்கமாகவே வாசித்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத முறையில் உதிரிகளைப் பொருத்தி வண்டியை மாற்றினால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்: எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம், எடை, இருக்கை எண்ணிக்கை இருக்கும்; ஸ்டீயரிங்குக்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஆகவே பவர் ஸ்டீயரிங் பொருத்துவது குற்றமே இல்லை என்று ஒரு வக்கீலும், தயாரிப்பாளரின் ஒப்புதலிலிருந்து விலகிய எதுவும் குற்றம்தான் என்று இன்னொரு வக்கீலும் வாதிடலாம். போக்குவரத்துக் காவலர் இருவரையும் கேட்கப் போவதில்லை. முழுக்கச் சொந்தமாகக் கட்டிய வண்டியின் நிலை இன்னும் மோசம். புதிய மாதிரி ஒன்று சாலைக்கு வர மானேசரிலோ புனேயிலோ உள்ள சோதனை மையத்தின் ஒப்புதல் வேண்டும். ஆயிரக்கணக்கில் தயாரிப்பவருக்கு வகுத்த அந்த வழியில் ஒற்றை வண்டிக்காரர் நடக்கவே முடியாது. அதனால் அவர் பழைய கார் ஒன்றின் ஆர்.சி.யை உடுத்திக்கொள்கிறார். அதிலும் டெல்லியில் பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 என்ற வயதுத் தடை தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தாலும் 2018-இல் உச்ச நீதிமன்றத்தாலும் வந்து விழுந்திருக்கிறது, அதன் அமலாக்கம் இன்றும் வழக்குகளில் அலைபாய்கிறது. 50 வயதைத் தாண்டினால் 2021-இன் விதிப்படி விண்டேஜ் பதிவு கிடைக்கும். ஆனால் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. கட்டிய காருக்குச் சோதனை மையம், விண்டேஜ் பதிவு என்ற இரண்டு கதவுகளும் மூடியவை.

விதியே வேண்டாம், அனுபவசாலி உஸ்தாத் ஒருவர் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. டெல்லிப் பட்டறைகளின் கைத்திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. சாமான் இல்லாத இடத்தில் சாமானை உண்டாக்குபவர்கள் அவர்கள். ஆனால் கைத்திறமை தன் தவறைத் தானே சோதிக்க முடியாது, அதற்கு இன்னொரு கண் வேண்டும். இதைவிடக் கூர்மையான ஆட்சேபம், சோதகர் என்று ஒருவரை நியமித்தால் இன்னொரு கை நீளும் என்பது. உண்மைதான். எனினும் இப்போதுள்ள நிலைதான் கை நீள்வதற்கு மிகத் தோதானது: எது கூடும் என்று எழுதாமல், எல்லாமே கூடாததாக இருக்கலாம் என்று விட்டுவைத்தால் ஒவ்வொரு சாலைச் சோதனையும் ஒரு பேரம். எழுதப்பட்ட அளவுகள் இருந்தால் பேரத்துக்கு இடம் சுருங்கும். சில நூறு பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு ஏன் அரசாங்கம் மெனக்கெட வேண்டும் என்பது மூன்றாவது. ஸ்போர்ட்ஸ் காரோடு நின்றால் நானும் அப்படித்தான் கேட்பேன். டெல்லி அரசு 2021-இல் பழைய டீசல் கார்களை மின்சார வண்டிகளாக மாற்றிக்கொள்ளலாம் என்று வழி திறந்தது. எஞ்சினைக் கழற்றினால் அதோடு சுழன்ற ஹைட்ராலிக் பம்பும் போகும். மின்சார உதவி இல்லாவிட்டால் அந்தக் கனமான காரைத் திருப்புவது பெரும்பாடு. உடற்குறையுள்ளவர்களுக்காக மாற்றியமைக்கும் வண்டிகளைச் சட்டமே அங்கீகரிக்கிறது. தோளில் வலு குறைந்த ஒருவருக்கு இலகுவான ஸ்டீயரிங்தான் முதல் தேவை. கிட் காரின் கேள்வி இவர்கள் எல்லோருடைய கேள்வியும்.

டெல்லிக்கு இது புதிய வேலையும் அல்ல. 1998-இல் உச்ச நீதிமன்றம் நகரப் பேருந்துகளுக்கு சி.என்.ஜி.யைக் கட்டாயமாக்கிய பிறகு, ஒரு வண்டியின் எரிபொருள் அமைப்பையே மாற்றிப் பொருத்தும் தொழிலை இந்த நகரம் ஒழுங்குபடுத்தியிருக்கிறது: ஒப்புதல் பெற்ற கிட், அனுமதி பெற்ற பட்டறை, ஆர்.சி.யில் குறிப்பு, மூன்று ஆண்டுக்கொருமுறை சிலிண்டர் சோதனை. 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் எரிவாயுவைப் பின்னால் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு போக அனுமதிக்கும் ஏற்பாட்டால், ஒரு ஸ்டீயரிங் தண்டைச் சோதிக்க முடியாதா? புராரியிலும் ஜுல்ஜுலியிலும் வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சோதனை செய்யும் இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பிரிட்டனில் சொந்தமாகக் கட்டிய ஒற்றைக் காரைச் சோதித்து ஒப்புதல் தரும் முறை நெடுங்காலமாக நடக்கிறது, ஜெர்மனியிலும் தனி வண்டிக்கு ஒப்புதல் உண்டு. வெளிநாடு வரை போகவும் வேண்டாம். முன்பு சொன்ன மாணவர்களைப் போன்றவர்கள் இறங்கும் ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டிகளின் விதிப்படி ஸ்டீயரிங் வளையத்தில் தளர்வு 7 டிகிரியைத் தாண்டினால் வண்டி பாதையில் இறங்கவே முடியாது. சக்கரத்துக்கும் வளையத்துக்கும் இயந்திரத் தொடர்பு கட்டாயம். நம் சாலைகளுக்கான மத்திய மோட்டார் வாகன விதி 98 அனுமதிக்கும் தளர்வோ 30 டிகிரி. காலியான பந்தயப் பாதையில் ஹெல்மெட்டோடு ஓட்டும் மாணவனின் வண்டி, ரிங் ரோட்டில் பேருந்துகளுக்கு நடுவே ஓடும் வண்டியைவிட நான்கு மடங்கு கறாராகச் சோதிக்கப்படுகிறது.

சோதிப்பதற்குப் பெரிய இயந்திரமும் தேவையில்லை. கார்களின் ஸ்டீயரிங்குக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 79, பவர் உதவி வேலை செய்யும்போது வளையத்தில் தேவைப்படும் விசை 150 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்கிறது. உதவி செத்துப்போனாலும், 10 கிலோமீட்டர் வேகத்தில் 20 மீட்டர் ஆரமுள்ள வளைவுக்குள் நான்கு விநாடியில் திரும்ப 300 நியூட்டனுக்கு மேல், அதாவது சுமார் 30 கிலோ இழுப்புக்கு மேல், தேவைப்படக் கூடாது என்கிறது. முன்னதைவிடப் பின்னதுதான் முக்கியம், ஏனென்றால் அகல டயரையும் ஸ்பேஸரையும் மோட்டாரை வைத்து மறைத்த வண்டி அங்கேதான் மாட்டிக்கொள்ளும். சோதகர் தண்டில் வெல்டிங் இருக்கிறதா என்று பார்க்கட்டும், மோட்டாருக்குப் போகும் வயரின் தடிமனையும் ஃப்யூஸையும் பார்க்கட்டும், இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி டயர் எதிலாவது உரசுகிறதா என்று பார்க்கட்டும். பிறகு அந்த ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, வளையத்தில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி, காலி மைதானத்தில் வண்டியை மெல்ல உருட்டி வளைக்கச் சொல்லலாம். முள் 30-ஐத் தாண்டினால் வண்டியை வீல் அலைன்மென்ட் மேடைக்குத் திருப்பி அனுப்பலாம், தாண்டாவிட்டால் ஆர்.சி.யில் ஒரு வரி எழுதி முத்திரை குத்தலாம்.